மீட்பா, கலைப்பா? நொடிப்புச் சட்ட நோக்கில் சுதேசிக் கப்பல் கம்பெனியின் முடிவு

முன்னுரை

கடன்பட்டு நலிந்த நிறுமத்தை மீட்பதா, கலைப்பதா என்னும் வினாவின் அடிப்படையில் ஓர் ஒப்பீடு உள்ளது. இயங்கும் நிறுமத்தின் மதிப்பு, அதன் சொத்துகளைத் தனித்தனியே விற்றால் கிடைக்கும் தொகையை விஞ்சினால் மீட்பு பொருந்தும். இல்லையேல் கலைப்பே தக்கது. கரிசல் வட்டாரத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார் தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் முடிவை இக்கட்டுரை இவ்வொப்பீட்டின்வழி ஆராய்கிறது.

மதிப்பு கரைந்தமை

1906 அக்டோபர் 16 அன்று பதிவான இக்கம்பெனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய், ரூ.25 வீதம் 40,000 பங்குகள். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. தூத்துக்குடி – கொழும்பு வழித்தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. அப்போட்டியைத் தாங்கச் செய்தவை மக்களின் சுதேசிப் பற்றும் நிறுவனரின் உழைப்புமே. கப்பல்களின் விலைக்கு மேலான மதிப்பு இவற்றில்தான் இருந்தது. 1908 மார்ச் 12 அன்று அவர் கைதானபின் அம்மதிப்பு கரைந்தது. விற்கத்தக்க கப்பல்களே எஞ்சின. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா போட்டி நிறுமத்திடமே விற்கப்பட்டது என்பது வ.உ.சி. பற்றிய நூல்களில் தொடர்ந்து இடம்பெறும் செய்தியாகும்.

அன்றைய சட்டமும் இன்றைய சட்டமும்

அக்காலத்து 1882ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிச் சட்டம் கலைப்பை விரிவாக வகுத்தது. காலவரம்புடைய மீட்பு நடைமுறையை வகுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பு இந்நிலையை மாற்றியது. நிறுமத்தின்மீதான வழக்குகள் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன. 180 நாளுக்குள், நீட்டிப்புகளுடன் 330 நாளுக்குள், தீர்வு காணப்பட வேண்டும். கடனீந்தோர் குழுவின் 66 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற தீர்வுத் திட்டம் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்குச் செல்லும். திட்டம் அமையாவிடில் கலைப்பு தொடங்கும். மீட்பே இச்சட்டத்தின் முதன்மை நோக்கம் என்றும், கலைப்பு இறுதி வழியே என்றும் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஆயினும், இத்தகைய சட்டம் அன்று இருந்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்று துணிதல் இயலாது. நிறுமத்தின் எதிர்காலத்தை வாக்களித்து முடிவு செய்வோர் பெரிதும் நிதிக் கடனீந்தோரே. பங்குதாரர் என்ற நிலையில் எவருக்கும் அக்குழுவில் வாக்கில்லை. நாட்டுப்பற்றால் பங்கு வாங்கியோரின் குரல் அங்கும் ஒலித்திராது. சிறந்த விலையுடன் வரும் திட்டம் போட்டியாளருடையதாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் நிறுமம் பிழைக்கும். அது தோன்றிய நோக்கம் பிழைக்காது.

முடிவுரை

சுதேசிக் கப்பல் கம்பெனியின் வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. மதிப்பு கரைவதற்கு முன்னரே தொடங்கினால்தான் மீட்பு பயன்தரும். நிறுமத்தின் மீட்பும் அதன் நோக்கத்தின் மீட்பும் ஒன்றல்ல. பின்னதை அளக்கும் கோல் நொடிப்புச் சட்டத்தில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.