களக்காடும் பாளையங்களின் கூட்டுப் பாதுகாப்பும்

ஒரு வட்டாரத்து நாடுகள் ஒன்றுகூடித் தம் பாதுகாப்பைத் தாமே பேணிக்கொள்ள இயலுமா? ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 8ஆம் அத்தியாயம் அதற்கு இடமளிக்கிறது. படைபலத்தைக் கையாள மட்டும் பாதுகாப்புச் சபையின் இசைவு வேண்டும் என்கிறது. இவ்வினா நம் மண்ணுக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருநெல்வேலிச் சீமை இதற்கு ஒரு விடை காண முயன்றது. அம்முயற்சி உடைந்த இடம் களக்காடு.

1755இல் கர்னல் ஹெரானின் படை நவாப் முஹம்மது அலியின் சார்பில் தென்சீமைக்கு வரி தண்ட வந்தது. நவாபின் தமையனார் மஹ்பூஸ்கானும் தளபதி யூசுப்கானும் உடன் வந்தனர். இதை எதிர்த்து நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஓரணியில் திரட்டினார். திருவிதாங்கூர் அவருடன் சேர்ந்தது. நவாபுக்குப் பணிய மறுத்த பட்டாணியத் தலைவர்களும் சேர்ந்தனர். நாயக்கர்களின் கிழக்குப் பாளையங்களோ பெரும்பாலும் விலகியே நின்றன. அவ்வாண்டே களக்காட்டில் மஹ்பூஸ்கானின் படை தோற்றது. மறு ஆண்டு மார்ச்சில் திருநெல்வேலிப் போரில் அவர் வென்றார். வியப்பு என்னவெனில், அதே மஹ்பூஸ்கான் சில மாதங்களில் தம்பியோடு முரண்பட்டுப் பூலித்தேவரின் அணிக்கே வந்து சேர்ந்தார்! மறவர் தலைவரும் மலையாள மன்னரும் ஆர்க்காட்டு இளவரசரும் ஓரணி. எதிரணியின் தளபதியும் ஒரு முஸ்லிம். இப்போரைச் சமயப் போராகக் காட்ட விழைவோர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

இவ்வணிக்குப் பொது எதிரி இருந்தான். பொது உடன்பாடு இல்லை. திருவிதாங்கூரின் நாட்டம் களக்காட்டின் மீது. மேற்குமலையடிவாரத்தில் பச்சையாறு பாயும் வளமான நெல்வயல்கள் அவை. அன்றியும், 16ஆம் நூற்றாண்டில் வேணாட்டு மன்னர் பூதலவீர உதயமார்த்தாண்டவர்மர் களக்காட்டிலேயே தங்கி ஆண்டிருந்தமையால் அரச குலத்தார் அதைத் தம் பழைய உரிமையாகக் கருதினர். களக்காடு எவருக்கு என்பதை அணியினர் தமக்குள் முடிவுசெய்து வைக்கவில்லை. அந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர் யூசுப்கான். 1759இல் அவர் களக்காட்டைத் திருவிதாங்கூருக்கு விட்டுக்கொடுத்தார். நேற்றுவரை பூலித்தேவரின் தோழராயிருந்தோர் அவருக்கு எதிராகவே படை அனுப்பினர். அவ்வாண்டு டிசம்பரில் வாசுதேவநல்லூர் முற்றுகை தோற்றதென்றாலும், 1761இல் நெற்கட்டும்செவல் வீழ்ந்தது. யூசுப்கான் 1764இல் நவாபின் ஆணையால் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். திருவிதாங்கூரும் களக்காட்டை நெடுநாள் வைத்திருக்கவில்லை. 1766இல் நவாபுடன் செய்த உடன்படிக்கையில் அவ்வுரிமையைக் கைவிட்டது.

1985இல் டாக்காவில் உருவான சார்க் அமைப்பும் இதே இடைவெளியோடுதான் பிறந்தது. இருநாட்டுப் பிணக்குகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் விவாதத்திலிருந்து அதன் சாசனம் விலக்கிவிட்டது. சிறு நாடுகள் அச்சமின்றி அமர இவ்விதி உதவியது என்பர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் விலக்கிவைக்கப்பட்ட பிணக்கே 2016இல் இஸ்லாமாபாதில் கூடவிருந்த உச்சிமாநாட்டைக் கூடவிடாமற் செய்தது.

நம்மவர் பலர் தொழில் செய்து வாழும் மலேசியாவும் சிங்கப்பூரும் ஆசியானின் உறுப்பினர்கள். பெட்ரா பிராங்கா என்னும் சிறு தீவு எவருடையது என்ற வழக்கை அவ்விரு நாடுகளும் இசைந்து சர்வதேச நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. 2008இல் தீவு சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கும் எனத் தீர்ப்பாயிற்று. 2017இல் மலேசியா மறுஆய்வு கோரியது. மறு ஆண்டே அம்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.