பற்கள் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட காலம்

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலையே நமக்குத் தருகிறார்கள். அம்மைப்பால், எக்ஸ் கதிர், பெனிசிலின் என்று அந்தப் பட்டியல் நீண்டு செல்லும். கற்றறிந்த மருத்துவர்கள் நல்லெண்ணத்துடனும் முழுமையான நம்பிக்கையுடனும் இழைத்த தவறுகளின் வரலாறு அவ்வளவாக எழுதப்படுவதில்லை. அத்தகைய வரலாறுகளில் ஒன்று பல் வைத்தியத்துடன் சம்பந்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூட்டுவாதத்துக்கும் இருதய நோய்க்கும், ஏன் மனநோய்க்கும்கூட பற்களே காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. காப்பாற்றியிருக்கக்கூடிய கணக்கற்ற பற்கள் பிடுங்கி எறியப்பட்டன. அந்தத் தவறு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது பயனுடையது. ஏனெனில், அன்று தோற்கடிக்கப்பட்ட அதே கருத்து நமது காலத்திலும் வேறு உருவத்தில் வந்து நிற்கிறது.

வேர்ச் சிகிச்சையின் தொடக்கம்

பல்லின் வெளிப்புறம் கல்லைப்போலக் கடினமானது என்றாலும் அதன் நடுவே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட மென்மையான இழையம் ஒன்று இருக்கிறது. பேச்சு வழக்கில் அதனைப் பல்லின் நரம்பு என்றே சொல்கிறோம். சூத்தை ஆழமாகிக் கிருமிகள் அங்கு சென்றடைந்தால் அந்த இழையம் அழுகிவிடும். பின்னர் வேரின் நுனியைச் சுற்றியுள்ள தாடை எலும்பும் கரையத் தொடங்கும். அழுகிய இழையத்தை அகற்றி, வேரினுள் ஓடும் நுண்ணிய கால்வாயைச் சுத்தம் செய்து, மீண்டும் கிருமி புகாதவாறு அடைத்துவிடுவதே ரூட் கனால் என்று இன்று எல்லோரும் சொல்லும் வேர்ச் சிகிச்சை.

இந்தச் சிகிச்சை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றுவிட்டது. 1838இல் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் கைக்கடிகார வில்லை அராவி, வேர்க்கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கருவியொன்றைச் செய்தார். 1864இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சான்போர்ட் பார்னம், எச்சில் படாதவாறு பல்லைத் தனிமைப்படுத்தும் இறப்பர் விரிப்பை அறிமுகப்படுத்தினார். 1867இல் பௌமன் என்பவர் மலாயாக் காடுகளில் வளரும் மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபேர்ச்சா என்ற பொருளைக் கொண்டு வேர்களை அடைத்தார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அமைந்த அதே பொருள்தான் இன்றுவரை வேர்களை அடைக்கப் பயன்படுகிறது.

1895இன் இறுதியில் ஜேர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். நியூ ஒர்லியன்ஸ் நகரப் பல் வைத்தியரான எட்மண்ட் கெல்ஸ் அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே வேர்க்கால்வாயின் நீளத்தை அளக்க அந்தக் கதிரைப் பயன்படுத்தினார். குருட்டுத்தனமாகச் செய்யப்பட்டுவந்த ஒரு வேலைக்குக் கண் கிடைத்தது. ஆனால், அந்தக் கண்ணில் தெரிந்த காட்சியே பின்னர் பற்களுக்கு எதிரான சாட்சியாகவும் மாறியது.

மொன்றியலில் ஓர் உரை

1910 ஒக்டோபரில் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அமெரிக்கப் பல் வைத்தியர்கள் சிதைந்த பற்களின் மேல் பொருத்திவந்த தங்க முடிகளையும் பாலங்களையும் அவர் கடுமையாகச் சாடினார். அவை சீழின் மேல் எழுப்பப்பட்ட தங்கச் சமாதிகள் என்ற கருத்துப்பட அவர் பேசினார். அவற்றின் அடியில் தேங்கும் அழுக்கே இரத்தச் சோகை முதல் சிறுநீரக நோய் வரை பல வியாதிகளுக்குக் காரணம் என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டு 'லான்செட்' சஞ்சிகையில் அந்த உரை வெளியாகியது.

ஹன்டர் சாடியது துப்புரவற்ற வேலைப்பாட்டைத்தான். ஆனால், அவருடைய பேச்சு கைமாறிச் சென்றபோது அதன் பொருள் விரிவடைந்தது. சிக்காகோவில் செல்வாக்கு மிக்க மருத்துவப் பேராசிரியராக விளங்கிய பிராங்க் பில்லிங்ஸ், உடலின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் கிருமிக் குவியம் தொலைவிலுள்ள உறுப்புகளைத் தாக்கும் என்ற கோட்பாட்டை முறைப்படி வகுத்தார். பற்களும் தொண்டை முளைகளும் முதற் சந்தேக நபர்களாயின. கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த பல் வைத்தியர் வெஸ்டன் பிரைஸ், வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட பற்களைப் பிடுங்கி முயல்களின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார். பல்லுக்குரியவரைப் பீடித்த நோய் முயலுக்கும் வந்தது என்று 1923இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட நூலில் அவர் எழுதினார்.

மருத்துவர்கள் இதனை நம்பியதற்குக் காரணங்கள் இருந்தன. மூட்டுவாதத்துக்கு அன்று உருப்படியான மருந்து எதுவும் இருக்கவில்லை. கிருமிகளைக் கண்டுபிடித்த தலைமுறையின் வெற்றிகள் கண்முன்னே இருந்தன. எக்ஸ் கதிர்ப் படங்களைப் பார்த்தால் அநேகமானோரின் வாய்களில் ஏதோ ஒரு வேரின் நுனியில் கருநிழல் தென்பட்டது. பற்களைக் கழற்றிய பின்னர் சிலருக்கு மூட்டுவலி தணியவும் செய்தது. அந்த நோய் தானாகவே தணிந்து மீண்டும் எழும் இயல்புடையது என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. குணமடைந்தவர்களின் கதைகள் சஞ்சிகைகளில் ஏறின. பல்லையும் இழந்து, நோயும் தீராமல் வீடு சென்றவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை.

விளைவாக, நரம்பு செத்த பற்களை விதிவிலக்கின்றி நூற்றுக்கு நூறு பிடுங்கியே தீரவேண்டும் என்ற ஒரு கூட்டம் பல் வைத்தியர்களுக்குள் உருவாகியது. பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் வேர்ச் சிகிச்சை கற்பிப்பது கைவிடப்பட்டது. எதிர்த்துக் குரல் கொடுத்த சிலருள் கெல்ஸும் ஒருவர். எக்ஸ் கதிர்ப் படத்தை மட்டும் வைத்துப் பற்களுக்குத் தீர்ப்பு எழுதுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். பற்களின் எக்ஸ் கதிர்ப் படத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதிர்களாலேயே புற்றுநோய்க்கு ஆளாகி, விரல்களையும் பின்னர் கையையும் இழந்த அவர் 1928இல் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ட்ரென்டன் வைத்தியசாலை

கோட்பாட்டின் கோர முகம் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள ட்ரென்டன் மனநோய் வைத்தியசாலையில் வெளிப்பட்டது. அதன் அத்தியட்சகரான ஹென்றி கொட்டன் மனநோயின் வேர் கிருமித் தொற்றே என்று உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பற்கள் ஆயிரக்கணக்கில் பிடுங்கப்பட்டன. அப்போதும் குணமாகாதவர்களுக்குத் தொண்டை முளைகள் அகற்றப்பட்டன. இறுதியில் பெருங்குடலே வெட்டி எடுக்கப்பட்டது. அந்தச் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களில் மூன்றில் ஒரு பங்கினரளவில் மாண்டுபோனார்கள். நூற்றுக்கு 85 பேரைக் குணப்படுத்துவதாகக் கொட்டன் உரிமை கொண்டாடினார். அவர் போலி வைத்தியரல்லர். தமது புதல்வர்களின் பற்களையும் தமது சொந்தப் பற்கள் சிலவற்றையும்கூட அவர் பிடுங்குவித்தவர்.

1920களின் நடுப்பகுதியில் பிலிஸ் கிரீனேக்கர் என்ற இளம் பெண் மருத்துவர் அங்கு அனுப்பப்பட்டு, நோயாளிகளின் பதிவேடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். குணமடைந்தவர்கள் என்று கணக்கில் காட்டப்பட்டவர்களை நேரில் தேடிச் சென்றும் பார்த்தார். கொட்டனின் கணக்குப் பொய்த்தது. ஆனால், கிரீனேக்கரின் அறிக்கை வெளியிடப்படாமல் முடக்கப்பட்டது. அந்த மௌனத்தின் மறைவில் பல் பிடுங்குதல் தொடர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்

இந்தக் கோட்பாட்டை வீழ்த்தியது ஒரு புதிய கண்டுபிடிப்பல்ல. பற்களைப் பிடுங்காமல் விட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்ற எளிய கேள்வியே அதனை வீழ்த்தியது. 1920களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் கொப்பெலொஃப், செனி ஆகிய இருவரும் மனநோயாளிகளை இரு பிரிவினராகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்குத் தொற்றுள்ள பற்களும் தொண்டை முளைகளும் அகற்றப்பட்டன. மற்றப் பிரிவினர் அப்படியே விடப்பட்டனர். இரு பிரிவினருக்குமிடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

1936இல் பிரிட்டனில் ஃபிஷ், மக்லீன் ஆகியோர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். பல்லைப் பிடுங்குவதற்கு முன் அதனைச் சுற்றியுள்ள முரசின் விளிம்பைச் சுட்டுக் கிருமிநீக்கம் செய்தபோது, பிடுங்கிய பல்லின் உள்ளே கிருமி காணப்படவில்லை. அதாவது, பிடுங்கும்போது முரசிலிருந்து உட்செல்லும் கிருமிகளையே பல்லுக்குள் குடியிருந்தவையாக முந்திய ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். பிரைஸின் முயல்களுக்கு நேர்ந்ததையும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

1938இல் ரஸல் சீசில், அஞ்செவின் ஆகியோர் மூட்டுவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்து, பற்களையும் தொண்டை முளைகளையும் அகற்றியதால் மிகப் பெரும்பாலானோருக்கு எந்தப் பலனும் கிட்டவில்லை என்று அறிவித்தார்கள். சீசில் முன்னர் இந்தக் கோட்பாட்டை ஆதரித்தவர். தம்முடைய நோயாளிகளைக் கணக்கெடுத்த பின்னர் தமது கருத்தைப் பகிரங்கமாகவே மாற்றிக்கொண்டார். அந்த நேர்மை வரலாற்றில் பதியப்பட வேண்டியது. 1943இல் வேர்ச் சிகிச்சையைக் கைவிடாத பல் வைத்தியர்கள் சிக்காகோவில் கூடித் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவினார்கள். அத்துறை தனியானதொரு சிறப்புத்துறையாக அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு மேலும் 20 ஆண்டுகள் பிடித்தன.

எலிகள் சொன்ன சாட்சியம்

பழைய கோட்பாடு சரிந்துவிட்டாலும், வேரின் நுனி எலும்பைக் கரைப்பது எது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 1965இல் அமெரிக்காவில் ககேஹஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் செய்த பரிசோதனை இன்றும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. பிறப்பிலிருந்தே கிருமிகள் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகள் 21, சாதாரண எலிகள் 15 ஆகியவற்றின் கடைவாய்ப் பற்களைத் துளைத்து, நரம்பிழையத்தை வெளித்தெரிய விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கள் சில நாட்களிலேயே அழுகிச் சீழ்பிடித்தன. கிருமியற்ற எலிகளின் பற்களிலோ துளைக்குள் உணவுத் துணுக்குகள் அடைந்து கிடந்தபோதும், காயம் ஆறிப் புதிய பற்பொருள் வளர்ந்து துளையை மூடியது. குற்றவாளி பல் அல்ல, கிருமியே என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

இதனை மனிதர்களில் தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் சுவீடன் நாட்டவர்கள் முன்னணியில் நின்றார்கள். 1976இல் உமியோ பல்கலைக்கழகத்தின் சுன்ட்குவிஸ்ட், அடிபட்டு நரம்பு செத்துப்போன, ஆனால் வெளியே சிதையாத 32 பற்களைத் திறந்து பார்த்தார். எலும்பு கரைந்திருந்த 19 பற்களில் 18இல் பக்டீரியாக்கள் இருந்தன. எலும்பு கரையாதவற்றில் அவை காணப்படவில்லை. செத்த இழையம் மட்டும் தனித்து நோயை உண்டாக்குவதில்லை என்பது இதனால் தெளிவாகியது. 1990இல் சொக்ரன் என்பவரும் அவருடைய சகாக்களும் வேர்ச் சிகிச்சை பெற்ற 356 பேரை 8 முதல் 10 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பரிசோதித்தனர். வேர் நுனியில் நோய் தோன்றுமுன் சிகிச்சை செய்யப்பட்டவற்றில் 96 சதவீதத்துக்கு மேற்பட்டவை நலமாக இருந்தன. நோய் தோன்றிய பின்னர் செய்யப்பட்டவற்றில் 86 சதவீதம் வெற்றி கண்டன. காலம் தாழ்த்துவதன் விலை இந்த இரு எண்களுக்கிடையில் இருக்கிறது.

மீண்டும் வந்த குற்றச்சாட்டு

வரலாறு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால், முடியவில்லை. 1990களில் பிரைஸின் முயல்கள் மீண்டும் புத்தக வடிவில் உயிர்பெற்றன. வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட பற்கள் புற்றுநோய்க்கும் இருதய நோய்க்கும் காரணம் என்று கூறும் திரைப்படமொன்று 2018இல் வெளியாகி, நெட்ஃபிளிக்ஸிலும் இடம்பெற்றது. பல் மருத்துவ அமைப்புகளின் ஆட்சேபத்தை அடுத்து 2019இல் அது அங்கிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்டாலும் அதன் துணுக்குகள் கைத்தொலைபேசிகளில் உலா வருவதை எவராலும் தடுக்க முடியாது.

வாய்க்கும் உடலுக்கும் தொடர்பே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. முரசு நோய்க்கும் நீரிழிவுக்கும் இடையிலான உறவு இன்று நன்கு அறியப்பட்டது. இருதய வால்வுகள் பழுதடைந்தவர்களுக்கு வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் உயிராபத்தை விளைவிக்கக்கூடும். எல்லாப் பற்களையும் காப்பாற்றிவிடவும் முடியாது. பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அன்று நேர்ந்த தவறு தொடர்பு உண்டென்று ஐயுற்றது அல்ல. ஐயம் நிரூபிக்கப்படுவதற்கு முன்னரே தண்டனை நிறைவேற்றப்பட்டதுதான் தவறு.

பத்திரிகையாளர்களாகிய எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அதிசய சிகிச்சை பற்றியோ புதிய அபாயம் பற்றியோ ஒரு செய்தி மேசைக்கு வரும்போது, குணமானவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். குணமாகாதவர்கள் எங்கே, சிகிச்சை பெறாதவர்களுக்கு என்ன நடந்தது என்ற அடுத்த இரு கேள்விகளையும் கேட்க வேண்டும். நரம்பு செத்த பல்லை வைத்திருந்தால் வேறு நோய் வரும் என்று யாராவது சொல்லக் கேட்கும் வாசகரும் அதே கேள்விகளைக் கேட்கலாம். பிடுங்கிய பல் திரும்ப முளைப்பதில்லை.