திடலும் கேளிக்கையும்: ஒரு தோட்டத்தின் கதை



2025 டிசம்பர் 27ஆம் நாள், கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் ‘ஜனநாயகன்’ திரைப்படத்தின் பாடல் வெளியீட்டு விழா நடைபெற்றது. அதற்கு முன்னர், 2018 ஜனவரி 6ஆம் நாள் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் நட்சத்திர விழாவும், 2023 ஜனவரியில் ஏ. ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சியும் அதே அரங்கில்தான் நிகழ்ந்தன. எங்கள் கெடா வட்டாரத்திலிருந்தும் பலர் இரவோடு இரவாகப் பயணம் செய்து பார்த்துவிட்டு வந்தனர். அவர்கள் நின்று கைதட்டிய அந்த இடம் ஒரு காலத்தில் தமிழர் பால்மரம் சீவிய தோட்டம் என்பதை வகுப்பில் கூறியபோது மாணவர்கள் நம்ப மறுத்தனர். பெற்றோர் சிலருக்கும் அது புதிய செய்தியாகவே இருந்தது. ஆகவே, அறிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதையைப் புக்கிட் ஜாலிலில் தொடங்க இயலாது. நகரின் நடுவே, பெட்டாலிங் குன்றில் தொடங்க வேண்டும். அக்குன்றுக்கு 1929ஆம் ஆண்டில் விக்டோரியா கல்விக்கூடம் இடம்பெயர்ந்து வந்தது. அதன் பக்கத்தில் விடுதலைக்காகவே எழுப்பப்பட்டதுதான் மெர்டேக்கா விளையாட்டரங்கம். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் ‘மெர்டேக்கா’ என ஏழு முறை முழங்கிய இடம் அது. 1975இல் முகம்மது அலி அங்கே குத்துச்சண்டை புரிந்தார். 1996இல் மைக்கேல் ஜாக்சன் ஆடிப் பாடினார். பெட்டாலிங் தெருவும் புக்கிட் பிந்தாங்கும் எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருந்தமையால், ஆட்டம் முடிந்து வெளியே வருவோருக்கு உணவுக்கும் பொழுதுபோக்குக்கும் குறைவில்லை. கேளிக்கை முன்னரே இருந்தது. அரங்கம் பின்னர் வந்தது.

1990களில் அந்த நிலத்தின்மீது வணிகக் கண் விழுந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய அவ்வரங்கப் பகுதி ரெனோங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 1 பில்லியன் ரிங்கிட் செலவில் அதனைக் கேளிக்கை மையமாகவும் அலுவலக வளாகமாகவும் மாற்றுவது திட்டம். புதிய தேசிய அரங்கை நகரின் தெற்கே, புக்கிட் ஜாலிலில் கட்டும் பணியோ அதே குழுமத்தைச் சேர்ந்த யு.இ.எம். நிறுவனத்திடம் சென்றது. பழைய திடல் கேளிக்கைக்கு, பழைய தோட்டம் திடலுக்கு என்பதுதான் கணக்கு!

1997-98 பொருளாதார நெருக்கடி இடையில் புகுந்தது. கேளிக்கை மையம் எழவில்லை. நிலம் அரசாங்கத்திடமே திரும்பியது. 2003இல் மெர்டேக்கா அரங்கம் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. 1957இல் இருந்த தோற்றத்திற்கு அதனை மீட்டெடுத்த பணி, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதையும் பெற்றது. பின்னாளில் பக்கத்திலேயே 118 மாடிக் கோபுரம் எழுந்து, 2024 ஜனவரியில் திறப்பு விழாக் கண்டது என்பது வேறு கதை.

தோட்டத்திற்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை.

புக்கிட் ஜாலில் தோட்ட நிலம் 1980களிலேயே அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் நடந்த வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரை வென்று, 1998 காமன்வெல்த் போட்டியை நடத்தும் உரிமையைக் கோலாலம்பூர் பெற்றது. ஆசியாவில் அப்போட்டி நடைபெறுவது அதுவே முதன்முறை. அதன்பின் வேலைகள் விரைந்தன. அரங்கம், உள்ளரங்கம், நீச்சல் குளம், விளையாட்டாளர் தங்கிய அடுக்ககம், இலகு இரயில் நிலையம் யாவும் ஒரு சில ஆண்டுகளில் எழுந்தன. 1996இல் தேசிய விளையாட்டுப் பள்ளியும் அங்கே வந்தது. 1998 செப்டம்பரில் 70 நாடுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில், நம் கோ. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்பந்தயத்தில் தங்கம் வென்றார். அன்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கண்கலங்கிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ.

திடலை ஒட்டிக் கேளிக்கை அமைவது நமக்கு ஒன்றும் புதிதன்று என்பதையும் இவ்விடத்தில் கூற வேண்டும். கெடாவின் எந்தப் பழைய தோட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். நடுவில் திடல், ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், மறுபக்கம் பள்ளிக்கூடம், சற்றுத் தள்ளிக் கள்ளுக்கடை. மாலையில் காற்பந்து. திருவிழாக் காலத்தில் அதே திடலில் கூத்தும் பாட்டுக் கச்சேரியும். தகவல் இலாகாவின் வண்டி வந்தால் இரண்டு கம்புகளுக்கிடையே வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். திரையின் பின்புறம் அமர்ந்து, எழுத்துகளை இடவலம் மாறிப் பார்த்துக்கொண்டே முழுப்படத்தையும் பார்த்து முடித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் கேளிக்கையைக் கட்டுப்படுத்தியவர் யார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. திடலும் நிர்வாகத்தினுடையது, பல தோட்டங்களில் கள்ளுக்கடையும் நிர்வாகத்தின் பிடியிலேயே இருந்தது. போருக்குப் பின்னர், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தொண்டர் படையை அமைத்து, 1947இல் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்யத் துணிந்தமைக்கு இதுவே பின்னணி. உழைப்பவனின் மாலைப்பொழுதும் அவனது கூலியும் எங்கே போக வேண்டும் என்பதை அவனே முடிவு செய்ய விரும்பினான். அது மதுவிலக்குப் பரப்புரை மட்டுமே என்று சில நூல்கள் சுருக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

மீண்டும் புக்கிட் ஜாலிலுக்கு வருவோம். அரங்கம் எழுந்தது; குழிப்பந்தாட்டத் திடல் வந்தது; தொழில்நுட்பப் பூங்காவும் தனியார் பல்கலைக்கழகங்களும் வந்தன. ஆனால், தோட்டத்தின் கடைசிக் குடும்பங்கள் பழைய வீடுகளிலேயே இருந்தன. 2011ஆம் ஆண்டுவாக்கில் 41 குடும்பங்கள், எஞ்சிய 26 ஏக்கரில் 4 ஏக்கரைத் தங்கள் வீட்டுமனைக்காகக் கேட்டு நின்றன. மாநகராட்சி மன்றம் அடுக்குமாடி வீடுகளைக் காட்டியது. அவர்களோ தரையில் வீடு வேண்டும் என்றனர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். தலைமுறை தலைமுறையாக வாசலில் முருங்கையும் கருவேப்பிலையும் வைத்து வாழ்ந்தவர்கள், தங்கள் உழைப்பால் விலையேறிய மண்ணில் நான்கு ஏக்கர் கேட்டதை நான் பேராசையாகக் கருதவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அரங்கம் திறந்தவுடன் கேளிக்கை நகரம் தானாக முளைத்துவிடவில்லை. பெரிய விளையாட்டரங்கம் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் வெறிச்சோடிக் கிடப்பது; அதை மட்டும் நம்பி யாரும் கடை திறக்க மாட்டார்கள். 2015இல் எம்.ஆர்.சி.பி. நிறுவனத்துடன் அரசாங்கம் சுமார் 1.6 பில்லியன் ரிங்கிட் மதிப்பில் விளையாட்டு நகரத் திட்டத்தை உடன்பட்டது. அரங்குகளைப் புதுப்பிப்பதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது பணமன்று, அங்கேயே நிலம். 2017 ஆகஸ்டில் தென்கிழக்காசியப் போட்டி நடந்தது. 2021 டிசம்பரில்தான், அரங்கிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பெவிலியன் புக்கிட் ஜாலில் பேரங்காடி திறக்கப்பட்டது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் சுற்றிலும் வானுயர் அடுக்ககங்கள் எழுந்து, அன்றாடம் செலவழிக்கக்கூடிய மக்கள் குடியேறிவிட்டனர். கேளிக்கை நகரத்திற்குத் தேவையானவர்கள் அவர்களே. பால்மரம் சீவியவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒன்று மட்டும் உண்டு. அங்குள்ள தமிழ்ப்பள்ளி, தோட்டம் மறைந்த பின்னரும் ‘லாடாங் புக்கிட் ஜாலில்’ என்றே பதிவாகியுள்ளது. நம் கெடாவிலும் வீடமைப்புப் பகுதிகளின் நடுவே ‘லாடாங்’ என்ற சொல்லைச் சுமந்து நிற்கும் பள்ளிகள் பல. பெயர்ப்பலகையை மாற்றினால் பள்ளிக்கு மதிப்புக் கூடும் எனப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் சிலர் கேட்பதுண்டு. அதற்கு நான் ஒருபோதும் கைதூக்கியதில்லை.

ஹார்வர்ட் என்ற பெயர் இன்று பீடோங் பக்கம் செல்வோருக்குக் குழிப்பந்தாட்டக் கழகத்தையும் தங்கும் விடுதியையுமே நினைவூட்டும். சுங்கைப் பட்டாணியைச் சுற்றியும் செம்பனை வெட்டி மண்மேடு தட்டும் இயந்திரங்களைக் காணாத நாளில்லை. எனவே, சென்ற பருவத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தின் திடலை, அவர்களிடம் கேட்டுத் தாளில் வரைந்து வர வேண்டும். கோயில், பள்ளி, கிராணி வீடு, ஆஸ்பத்திரி, படம் காட்டிய இடம் எல்லாம் அடையாளமிடப்பட வேண்டும்.

முப்பத்தொரு தாள்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் கோயில் சரியாக இருந்தது. கள்ளுக்கடையைப் பாட்டிமார் பலர் வரையவிடவில்லையாம். ஒரே தோட்டத்தைச் சேர்ந்த இரு மாணவிகளின் படங்களில் திடல் வேறு வேறு பக்கத்தில் இருந்தது. இரு வீட்டுப் பெரியவர்களையும் பள்ளிக்கு அழைத்தோம். அரைமணி நேரம் வாதிட்டார்கள். இறுதியில், ஆலமரம் நின்ற இடத்தை இருவரும் ஒப்புக்கொண்டு, அங்கிருந்து அடி அளந்து திடலை வரைந்து கொடுத்தார்கள். அத்தாள் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.