தாடி ஓணானும் ஒரு சொல்லும்

தாடி ஓணான்னு நானே பேர் வெச்சுட்டேன் மக்களே. இங்கே பியர்டட் டிராகன்னு சொல்ற ஆஸ்திரேலியப் பிராணி. நம்மூர் ஓணானுக்குப் பங்காளி. குளிர்காலம் வந்தா சாப்பாட்டை விட்டுட்டு, இடுக்குல ஒளிஞ்சு வாரக்கணக்கில் தூங்கும். எங்க விடுதியில் ஒருத்தர் வளர்க்கிறார். முதல் தடவை பார்த்தவங்க செத்துப் போச்சுன்னே நினைச்சாங்க.

ரொம்ப காலம் கரடியோட தூக்கம், பல்லியோட தூக்கம் ரெண்டுக்கும் ஹைபர்னேஷன்னு ஒரே பேர்தான். 1965-ல் வில்பர் மேஹ்யூ என்ற அமெரிக்க ஆய்வாளர், பாலைவனத்துக் கொம்புப் பல்லிகளைப் பற்றி எழுதினப்ப 'புருமேஷன்'னு தனிச்சொல் போட்டார். லத்தீன்ல 'ப்ரூமா'ன்னா குளிர்காலம். காரணம் நியாயமானது. பாலூட்டி தன் உடற்சூட்டைத் தானே குறைச்சுக்கும். ஓணானுக்குச் சூடே வெளியிலிருந்துதான் வரணும். உடம்பு குளிர்ந்தா செரிமானமும் படுத்துடும். பாவம்னு அப்போ தீனி திணிச்சா ஆபத்துதான்.

ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு உயிரோட வெளியே விடறதில்லை. அதனால இங்கே இருக்கிறதெல்லாம் தலைமுறையா கண்ணாடிப் பெட்டியில் பிறந்தவை. விளக்குச் சூடு குறையாத பெட்டியிலும் சில தூங்கிடுது. பார்க்காத பாலைவனத்தோட நாட்காட்டி உடம்புக்குள்ளேயே இருக்கு போல!

தூக்கம்னா எல்லாம் அணைஞ்சு போறதும் இல்லை. 2019-ல் வந்த மரபணு ஆய்வு, அந்தச் சமயத்துல மூளை தன்னைக் காத்துக்கிற வேலையில இருக்கிறதைக் காட்டுச்சு.

ஆனா நோய் வந்தாலும் இது ஒளிஞ்சுதான் படுக்கும். அங்கேதான் சிக்கல். ஆரோக்கியமா தூங்கற ஓணான் அதிகம் இளைக்காது. எடை மளமளன்னு இறங்கினா மருத்துவர்கிட்ட ஓடணும். பேர் தெரிஞ்சா பாதி பயம் போகும், மீதிக்குத் தராசு வேணும் :-)