கிணற்றில் வாழ்ந்த மீன் கண்ணாடித் தொட்டியில் ஏன் சாகிறது?

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தொடர்மாடியில், கீழ் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு மீன்தொட்டி வந்தது. நான்கு தங்கமீன்கள். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மிதந்தன. உடனே முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, வடிகட்டியின் ஸ்பொஞ்சைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். அடுத்த நாள் மற்ற இரண்டும் போய்விட்டன.

வன்னியில் இருந்து வந்த குடும்பம். "ஊரில கிணத்துக்க விட்ட மீன் வருசக்கணக்கா கிடந்தது. இது எவ்வளவு தெளிஞ்ச தண்ணி" என்று தகப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை இரவு சாப்பிடவில்லை. எத்தனையோ இழப்புகளைக் கண்ட வீட்டில், இதையும் தன் பிழை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதிலேயே விடையும் இருக்கிறது. மீனின் செவுளில் இருந்தும் கழிவில் இருந்தும் அமோனியா வெளியேறுகிறது. கிணற்றில் தண்ணீர் அதிகம், மீன் குறைவு, தீனி போடுவாரும் இல்லை. அதைவிட முக்கியம், கிணற்றுக் கல்லில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் பக்டீரியா. ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதை, தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். கடையில் இருந்து வந்த புதுத் தொட்டியில் இவை இல்லை. அமோனியாவுக்கு நிறமும் இல்லை. தெளிந்த தண்ணீரிலேயே மீன் எரிந்து சாகும்.

இந்தப் பக்டீரியா ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். கொழும்பு வெக்கையில் சற்று முந்தலாம். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைத்திரைற்று ஏறும். இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் சாகும் மீன்கள் பல இதற்கே பலி. இரண்டும் பூச்சியமாகி நைத்திரேற்று தெரிந்தால் தொட்டி தயார். சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

மீன் விடாமலேயே இதைச் செய்வது நல்லது: தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு அழுகவிட்டு, மோட்டரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். இன்னும் விரைவான வழி, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் அழுக்கு ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குவது. அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி கொண்டுவர வேண்டும், காய்ந்தால் பயனில்லை.

மீன் ஏற்கனவே உள்ளே இருந்தால், அமோனியாவோ நைத்திரைற்றோ தெரியும் நாட்களில் எல்லாம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். நைத்திரைற்று ஏறியிருந்தால் லீற்றருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பு, அது செவுள் வழியே உள்ளே போவதைக் குறைக்கும்.

கொழும்புக் குழாய்நீரின் பெரும்பகுதி களனி ஆற்றில் இருந்து எடுத்து அம்பத்தலையில் சுத்திகரித்து, குளோரின் இட்டு அனுப்பப்படுவது. நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கும் அந்தப் பக்டீரியாவுக்கும் நஞ்சு. கீழ் வீட்டில் ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவியபோது அப்போதுதான் குடியேறத் தொடங்கியவையும் போயின. வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலைச் சொன்ன அளவில் விடுங்கள். ஸ்பொஞ்சை, தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே குழாயில் வருவது குளோரமின். வாளியில் வைத்தால் ஒரு நாளில் போகாது, அதற்கென உள்ள மருந்துதான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. சுண்ணக்கல் கிணற்றுநீரில் குளோரின் இல்லை; ஆனால் காரத்தன்மை கூடியது. பிஎச் 7 இல் இருந்து 8 ஆக ஏறும்போது, அதே அளவு அமோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. தோட்டங்களை அண்டிய பல கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்றும் கூட. அந்தத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாலும் தொட்டியில் அது குறையாது. மீனுக்கு வாங்கிய அதே பரிசோதனையைக் கிணற்றுக்கும் ஒருமுறை செய்து பாருங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் அதில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

தொட்டி தயாரான பிறகு கிழமைக்கு ஒருமுறை கால்வாசி போதும். 60 லீற்றர் தொட்டியில் அது 15 லீற்றர். ஒரு வாளி, ஒரு குழாய்த்துண்டு, பத்து நிமிட வேலை.

மீன் தெரிவைப் பற்றியும் ஒரு சொல். தங்கமீன் ஒரு சாணுக்கு மேல் வளரும், அழுக்கும் அதிகம். சின்னத் தொட்டிக்கு ஆகாது. செரி பார்ப் என்ற சிவப்பு மீன், களனி முதல் நில்வளா வரையான ஈரவலய நீரோடைகளுக்கே உரியது, இரண்டு அங்குலம் தாண்டாது. கொழும்பின் மென்னீர் அதற்குப் பழக்கமானது. பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்; ஓடையில் பிடித்தது வேண்டாம்.

கீழ் வீட்டுத் தொட்டி இப்போது மீனில்லாமல் மோட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கிழமை. நைத்திரைற்று இன்னும் இறங்கவில்லை. பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொட்டு மருந்து விட்டு, நிறத்தைக் கொப்பியில் எழுதி வைக்கிறாள்.