சிப்பத்தைப் பிரித்தவன்: 1473-ஆம் ஆண்டு வழக்கும் திருட்டின் எல்லையும்

ஆங்கிலச் சட்டத்தில் திருட்டுக் குற்றம் விரிந்த வரலாற்றை எழுதுவோர் 1473-ஆம் ஆண்டின் சுமைகாரன் வழக்கைத் தொடாமல் போவதில்லை. சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒப்புக்கொண்ட சிப்பங்களை ஒருவன் வேறிடத்துக்குக் கொண்டுபோனான். அங்கே அவற்றைப் பிரித்து உள்ளிருந்ததை எடுத்துக்கொண்டான். பொருளுக்கு உரியவர் அரசனின் பாதுகாப்புச் சீட்டோடு வந்திருந்த அயல்நாட்டு வணிகர். திருட்டென்றால் பிறர் சுவாதீனத்திலிருந்து அத்துமீறி எடுத்திருக்க வேண்டும். சரக்கை முறையாகக் கையில் வாங்கியவன் யாரிடமிருந்து எடுத்தான்? இப்படிக் கேட்டுத்தான் தலைமை நீதிபதி பிரையன் இது பெருங்குற்றம் ஆகாது என்றார். நீதிபதிகளில் பெரும்பான்மையோர் ஆகும் என்றனர்.

ஜெரோம் ஹால் 1935-இல் வெளியிட்ட ‘தெஃப்ட், லா அண்ட் சொசைட்டி’ இந்த வழக்குக்குத் தந்த விளக்கமே இன்றும் பாடமாக நிற்கிறது. சிப்பங்களில் இருந்தது கம்பளியாகவோ துணியாகவோ இருக்கும். அப்போதைய அரசர் நான்காம் எட்வர்டு தாமே அவ்வணிகத்தில் ஈடுபட்டவர். வளரும் வணிகத்தைக் காக்க நீதிபதிகள் பழைய விதியை வளைத்தனர் என்பது ஹாலின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அயல்நாட்டாரின் வழக்கை இயற்கைச் சட்டப்படி தீர்க்கலாம் என்று சான்சலர் சொன்னது பதிவில் இருக்கிறது. ஆனால் சான்சலரின் பேச்சை வைத்து நீதிபதிகளின் மனத்தை அளந்துவிட முடியாது.

எக்ஸ்செக்கர் சேம்பரில் நீதிபதிகளிடையே நடந்த வாதத்தைப் பாருங்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளை ஒப்படைக்கப்பட்டவனே திருட முடியாது என்பதில் நீதிபதி நீடம் ஒருவரைத் தவிர எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஆக, விதி வளையவில்லை. உரக்கவே உறுதி செய்யப்பட்டது. நீதிபதி சோக் வேறு வழியில் போனார்: சிப்பம் முழுப்பொருளாக ஒப்படைக்கப்பட்டது, உள்ளிருப்பது ஒப்படைக்கப்படவில்லை. சுமந்து செல்லத் தந்த ஒரு பீப்பாய் ஒயினை அப்படியே விற்றால் குற்றமில்லை, அதிலிருந்து கொஞ்சம் எடுத்தால் பெருங்குற்றம். இந்தத் தர்க்கத்தால் வணிகருக்கு என்ன பாதுகாப்பு? சிப்பத்தைப் பிரிக்காமல் விற்றுவிட்டுப் போகிறவன் தூக்குமேடைக்குத் தப்பிவிடுவானே! வணிகர் நலனே நோக்கம் என்றால் இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டிருக்க மாட்டார்கள்.

சோக்கின் கூற்றில் ஹாலின் விளக்கத்தோடு ஒட்டாத ஒரு சிறு தொடர் உண்டு. இங்கே இருபது பவுண்டு அவனிடம் ஒப்படைக்கப்படவில்லை, ஒப்படைத்த வேளையில் அதைப் பற்றி அவனுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம் என்கிறார். இருபது பவுண்டு எங்கிருந்து வந்தது? அதுவரை பதிவில் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அது சரக்கின் மதிப்பாக இருக்கலாம். பதிவெழுதியவர் விட்டுவிட்ட ஏதோ ஓர் எடுத்துக்காட்டின் எச்சமாகவும் இருக்கலாம். ஆனால் ‘இங்கே’ என்ற சுட்டு இவ்வழக்கையே காட்டுவதாகக் கொள்கிறேன். கம்பளிச் சிப்பத்தைத் தூக்கிச் சுமப்பவனுக்கு உள்ளே கம்பளி என்று தெரியாமல் போகுமா? எடையும் மணமுமே சொல்லிவிடும். அவனுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது உள்ளே பொதிந்து வைத்த காசோ விலையுயர்ந்த பொருளோதான். சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹாலின் கம்பளிக்கோ இந்த அளவு சான்றுகூட இல்லை; அது ஊகமே. அடுத்து சோக் சொல்வதும் இதற்கு இசைவானது: காவலுக்காக அறைச் சாவியைப் பெற்றவன் அறைக்குள் இருப்பதை எடுத்தால் திருட்டு. பூட்டியதும் கட்டியதும் உரியவரின் சுவாதீனத்தைத் தொடரச் செய்கின்றன என்பதே அவர் கண்ட கோடு. பொருளாதாரம் அதில் நேரடியாக இல்லை.

அந்தக் கோடு நெடுநாள் நின்றது. ஒப்படைப்புப் பெற்றவன் முழுச் சிப்பத்தைக் கையாடினாலும் திருட்டுத்தான் என்று நாடாளுமன்றம் சொன்னது 1857-இல்தான்.

இந்தியாவில் மெக்காலேயின் 1837-ஆம் ஆண்டு வரைவிலிருந்து உருவாகி 1860-இல் நிறைவேறி 2024 வரை நடைமுறையில் இருந்த தண்டனைச் சட்டம், ஒரு வகையில் பிரையன் பக்கம் நின்றது. 378-ஆம் பிரிவுப்படி அசையும் சொத்தைப் பிறர் சுவாதீனத்திலிருந்து எடுத்தால்தான் திருட்டாக இருந்தது. பயணம் போகிறவர் தம் வெள்ளிப் பாத்திரங்களைக் கிட்டங்கிக்காரரிடம் விட்டுப்போக, அவர் அவற்றைப் பொற்கொல்லரிடம் விற்றால் அது திருட்டல்ல என்று அப்பிரிவின் எடுத்துக்காட்டே சொன்னது. ஆனால் பிரையன் காலத்தில் இருந்த ஓட்டையை நம்பிக்கை மோசடி என்ற தனிக் குற்றம் அடைத்தது. சுமைகாரருக்கும் கிட்டங்கிக்காரருக்கும் 407-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை இருந்தது.

அப்படியிருந்தும் 462-ஆம் பிரிவு வந்தது ஏன்? மூடிய கொள்கலத்தைப் பொறுப்பில் பெற்றவர் அதிகாரமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு அதைத் திறந்தாலே 3 ஆண்டு வரை சிறை என்றிருந்தது. உள்ளிருப்பதை எடுத்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சோக்கின் பீப்பாயும் சிப்பமும் இங்கே வந்து சேர்ந்துவிட்டன என்று சொல்ல ஆசைதான். ஆனால் பூட்டுடைப்பைத் தண்டித்த 461-ஆம் பிரிவின் நீட்சியாகவும் இது தனியே பிறந்திருக்கலாம். இரண்டில் எது என்பதை வாசகத்தின் ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு செய்ய நான் துணியவில்லை.