சங்கீதங்கள்: கவிதையும் பிரார்த்தனையுமாக ஆராயப்பட்ட வரலாறு

சங்கீதங்கள் என்பன எபிரேய வேதத்திலுள்ள 150 பாடல்களின் தொகுதி. துதிகள் என்று பொருள்படும் தெஹில்லீம் என்பது யூதர் இதற்கு வழங்கும் பெயர். ஐந்து புத்தகங்களாக வகுக்கப்பட்ட இத்தொகுதியில் 73 பாடல்களின் தலைப்பில் தாவீதின் பெயர் காணப்படினும், அப்பெயரோடு சேர்ந்துவரும் எபிரேய முன்னொட்டு, தாவீது பாடியது, தாவீதுக்குரியது, தாவீதைக் குறித்தது என்னும் மூன்று பொருளுக்கும் இடங்கொடுப்பதால், அதனை மட்டும் பிரமாணமாகக் கொண்டு ஆசிரியரைத் துணிதல் இயலாது.

பல நூற்றாண்டுகள்வரை இவை ஆராயப்பட்டதினும் ஓதப்பட்டதே மிகுதி. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார், மார்செல்லீனு என்பவருக்கு வரைந்த நிருபத்தில், ஏனைய வேதபாகங்களைப் பிறர் வாக்காகக் கேட்கும் மனிதன் சங்கீதத்தைத் தன் வாக்காகவே சொல்லிக்கொள்கிறான் என்றும், தன் ஆத்துமாவை அதிலே கண்ணாடியிற் காண்பதுபோலக் காண்கிறான் என்றும் விளக்கினார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த மடத்து ஒழுங்கோ, 150 பாடல்களையும் வாரந்தோறும் ஓதி முடிக்க விதித்தது. யாப்பைப் பற்றிப் பேசப் புகுந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ், வேதத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் முதலியோர் கிரேக்கச் சீர்களையே இதிலும் தேடினர். அயலார் முழக்கோல் இங்கே பொருந்தவில்லை.

இந்நிலையை மாற்றியவர் ராபர்ட் லௌத். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் 1741-இல் கவிதைப் பேராசிரியராக அமர்ந்த அவர், எபிரேயரின் திருக்கவிதையைப் பற்றி இலத்தீனில் நிகழ்த்திய 34 பிரசங்கங்கள் 1753-இல் நூலாக வெளிவந்தன. ஓசையை எண்ணியவர்களுக்கு அகப்படாத இலட்சணம் பொருளின் நடையிலே இருக்கிறது என்பதும், ஓரடி சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லால் மீட்டும் சொல்வதும், அதற்கு முரணாகச் சொல்வதும், அதனைத் தொடர்ந்து நிரப்புவதுமாகிய இணைநடையே இக்கவிதையின் உயிர் என்பதும் அவர் கண்ட முடிபு. முதலிரண்டில் அடங்காதவற்றையெல்லாம் அள்ளிப் போட்ட கூடையாக மூன்றாவது வகை அமைந்துவிட்டது என்னும் குறையை மறைக்கவேண்டுவதில்லை. இரண்டாம் அடி முதலடியை வெறுமனே எதிரொலிப்பதன்று, அதனினும் ஒருபடி மேலே செல்வது என்று 1981-இல் ஜேம்ஸ் கூகல் வாதித்ததும் தக்கதே. எனினும் எதுகையும் மோனையும் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிட, பொருளிலே நின்ற இந்த நடை பெரும்பாலும் உதிராது பிறமொழிகளில் ஏறியது எவ்வாறு என்பது லௌத்தாலேயே விளங்கிற்று.

உதிர்ந்துபோனதும் உண்டு. நம் ஆத்திசூடி அகரவரிசையில் நடப்பதுபோல, எபிரேய நெடுங்கணக்கை வரிசையாகத் தொடும் பாடல்கள் சில உள. 119-ஆம் சங்கீதம் 22 எழுத்துக்கும் எட்டெட்டு வசனமாக 176 வசனங்களில் விரிகிறது. 145-ஆம் சங்கீதத்தின் மரபுவழிப் பாடத்தில் நூன் என்னும் எழுத்துக்குரிய வசனம் மட்டும் காணப்படாதிருக்க, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ஒரு வசனத்தைக் கொண்டிருந்தது. 1956-இல் சாக்கடலோரத்துக் கும்ரானின் பதினோராம் குகையில் கிடைத்த தோற்சுருளை விரித்தபோது, கடவுளின் திருநாமத்தை மட்டும் பண்டை எழுத்தில் பொறித்திருந்த அச்சுருளிலே அந்த வசனம் எபிரேயத்திலேயே இருந்தது.

பாடல் எத்தகைய வாழ்க்கைச் சூழலில் பயின்றது என்று வினவி, துதி, புலம்பல், நன்றியறிதல், அரசர் பாடல் என்று வகைப்படுத்தியவர் ஜெர்மானியரான ஹெர்மன் குங்கல். அவருடைய வியாக்கியானம் 1926-இலும், அவர் மறைவுக்குப்பின் யோவாகிம் பெக்ரிஹ் நிறைவுசெய்த முன்னுரை நூல் 1933-இலும் வெளிவந்தன. அவர் மாணாக்கரான நார்வே நாட்டு மோவிங்கல், இவற்றுட் பெரும்பாலானவை ஆலயத் திருவிழாக்களுக்கென்றே யாக்கப்பட்டவை என்றார்; ஆண்டுப்பிறப்பில் கடவுளை அரசராக அரியணையேற்றிக் கொண்டாடியதாக அவர் ஊகித்த விழாவை ஏற்காதாரும் பலர்.

கவிதையாராய்ச்சியும் பிரார்த்தனையும் ஒருங்கே வந்து முட்டுமிடம் புலம்பற் பாடல். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனமுடையது. இன்னும் எத்தனை காலம் என்று நான்கு முறை முறையிட்டுத் தொடங்குவது, இடையிலே காரணம் எதுவும் கூறாமல், பாட்டாக மலர்ந்து முடிகிறது. இடைவெளியில் ஆசாரியன் ஒருவன் ஆறுதல் வாக்குக் கூறியிருத்தல் வேண்டும் என்று பெக்ரிஹ் 1934-இல் கருதினார். அவ்வாக்கு வந்தடையாத பாடலும் தொகுதியில் விலக்கப்படவில்லை: 88-ஆம் சங்கீதம் எவ்வகைத் திருப்பமுமின்றி, இருள் என்னும் பொருளுடைய சொல்லிலேயே முடிகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் பெரிய வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைக்கு 69-ஆம் சங்கீதத்தோடு இதனையே நியமித்திருக்கிறது.